765 மில்லியனுக்கு இந்த ஆட்டமா? ஹுவான் சோட்டோ பற்றிய இழை

ஏழாம் நம்பர் ரயில் | மே 20, 2025, காலை 7:10

ராத்திரி தூக்கம் வரலை. அதனால இழையை நானே ஆரம்பிச்சுடறேன்.

நேத்து நம்ம நியூயார்க் மெட்ஸ் பாஸ்டன்ல ஆடின பேஸ்பால் ஆட்டம் பார்த்தீங்களா? சோட்டோ இடது பக்கம் ஒண்ணு தூக்கினான். சத்தத்தைக் கேட்டதும் நானே சோஃபாவை விட்டு எழுந்துட்டேன். அவனும் போச்சுன்னு நினைச்சுட்டான் போல, பந்தைப் பார்த்துக்கிட்டே நடக்கிறான். பாஸ்டனோட ஃபென்வே மைதானத்துல அந்தப் பக்கம் 37 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர் நிக்குதுன்னு சின்னப் பையனுக்கும் தெரியும். பந்து சுவர்ல பட்டுத் திரும்பி வந்தாச்சு, நம்மாள் முதல் பேஸ்ல நிக்கிறான். வேற யாரா இருந்தாலும் ரெண்டாவது பேஸ்ல நின்னு பேண்ட்டைத் தட்டிக்கிட்டு இருப்பாங்க.

இதுக்கு முந்தின நாள் யாங்கீஸ் மைதானத்துல ஒரு தரையடி. அதுக்கும் இதே நடைதான்.

மெட்ஸ் இவனுக்குக் குடுத்த ஒப்பந்தம் 15 வருஷம், 765 மில்லியன் டாலர். வகுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு 51 மில்லியன், ஆட்டத்துக்கு கிட்டத்தட்ட 3,15,000 டாலர். ஆவரேஜ், அதாவது ஆயிரம் தடவை பேட் பிடிச்சா எத்தனை ஹிட்ங்கற கணக்கு, .240 பக்கம் நிக்குது. சுவரைத் தாண்டி அடிக்கிற ஹோம் ரன் எட்டு. ஹிட் வரலைன்னா பொறுத்துக்கலாம். ஓடறதுக்கு என்ன ஃபார்ம் வேண்டிக்கிடக்கு?

பிராங்க்ஸ் வாசி | மே 20, காலை 7:31

வாங்க வாங்க. இந்த இழைக்காக டிசம்பர்லேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன்.

போன வருஷம் அவன் ஆடின டீம் எங்க யாங்கீஸ். நாங்க 16 வருஷத்துக்கு 760 குடுக்கறோம்னோம். கூட அஞ்சு மில்லியனும், குடும்பத்துக்கு ஒரு தனி பாக்ஸும் கிடைக்குதுன்னு குயின்ஸுக்கு, உங்க மெட்ஸுக்குப் போனான். போகட்டும். அந்த இடத்துக்கு பெலிஞ்சரைக் கொண்டு வந்தோம். ஞாயித்துக்கிழமை எட்டாவது இன்னிங்ஸ்ல அவர் என்ன பண்ணார்னு ஞாபகம் இருக்கா, நானே சொல்லட்டுமா? மூணு பேஸும் நிரம்பியிருந்துச்சு, ஒரே அடியில நாலு ரன்.

அவன் வெளிமைதானத்துக்கு வந்தப்போ எங்க ஆளுங்க முதுகைக் காட்டி நின்னாங்க பாருங்க, அடடா.

எண்கணக்கு | மே 20, காலை 8:45

காபி குடிச்சுட்டு வந்தேன். ரயில் சார், ஓடாததைப் பத்தி நீங்க சொல்றதை மறுக்கலை. அது தப்புதான். மேனேஜர் மெண்டோசாவும் அவன்கிட்ட பேசறேன்னு சொல்லியிருக்கார். ஆனா 'பேட்டிங் போச்சு'ன்னு இப்போ எல்லாரும் சேர்ந்து கச்சேரி வைக்கறதுக்குத்தான் என் பதில்.

ஒரு சின்னக் கணக்கு. ஒருத்தன் 200 தடவை பேட் பிடிக்கிறான்னு வையுங்க. .230 அடிச்சா 46 ஹிட், .280 அடிச்சா 56. நடுவுல பத்தே பத்து ஹிட்தான். ஐம்பது ஆட்டத்துல பத்து, அதாவது அஞ்சு ஆட்டத்துக்கு ஒண்ணு. உள்மைதானத்துல நிக்கற ஷார்ட்ஸ்டாப்போட கையுறைக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் போனா ஹிட், அந்தப் பக்கம் போனா அவுட். 'முடிஞ்சு போனவன்'னு இன்னிக்குச் சொல்றவங்களும் 'சூப்பர் ஸ்டார்'னு நாளைக்குச் சொல்லப் போறவங்களும் அந்த ஒரு சாணைத்தான் அளந்துக்கிட்டு இருக்காங்க.

சீசன் ஆரம்பத்துல நம்ப வேண்டிய எண்ணே வேற. எத்தனை தடவை ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல அவுட்) ஆறான்னு 60 தடவை பார்த்தாலே ஓரளவு தெரிஞ்சிடும். வாக் எடுக்கற விகிதத்துக்கு 120 போதும். ஆவரேஜ் மட்டும் 900 தடவைக்கு மேல பார்த்தாத்தான் ஒரு நிலைக்கு வரும். அதாவது ஒரு முழு சீசனே பத்தாது! அதைப் போய் மே மாசத்துல வெச்சுக்கிட்டுத் தீர்ப்பு எழுதறோம்.

சோட்டோவைப் பொறுத்தவரை வாக் குறையலை. வெளியே போற பந்தை இன்னமும் தொட மாட்டேங்கறான். பேட்டை விட்டு மணிக்கு 95 மைலுக்கு மேல கிளம்பற பந்துகளை எண்ணினா லீக்லயே மேல் வரிசையில இருக்கான். கண்ணும் இருக்கு, கையும் இருக்கு.

புதுசு_எடிசன் | மே 20, காலை 9:20

வணக்கம். அமெரிக்கா வந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஆபீஸ்ல எல்லாரும் மெட்ஸ்ங்கறதால நானும் மெட்ஸ். தப்பா கேட்டா மன்னிக்கணும். நாலு பந்து வெளியே போட்டா சும்மா முதல் பேஸுக்கு நடந்து போறதுதானே வாக்? அதுல பேட்ஸ்மேனோட திறமை எங்கே இருக்கு? பிட்சர் சரியா போடலைங்கறதுதானே? நம்ம ஊர்ல வைடு வாங்கினதுக்காக யாரையும் பாராட்ட மாட்டாங்களே.

ஏழாம் நம்பர் ரயில் | மே 20, காலை 9:41

@புதுசு_எடிசன் கேள்வி கேக்கறதுல தப்பே இல்ல தம்பி.

வைடு மாதிரி இல்ல அது. பந்து பிட்சர் கையை விட்டு பேட்டுக்கு வந்து சேர அரை செகண்ட்கூட ஆகாது. அதுல பாதி நேரத்துக்குள்ள அடிக்கறதா விடறதான்னு முடிவு பண்ணியாகணும். உள்ளே வர்ற மாதிரி வந்து கடைசி நேரத்துல வெளியே ஓடற ஸ்லைடரைப் பார்த்துட்டு பேட்டை அசைக்காம நிக்கறது இருக்கே, அது நம்ம டிராவிட் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே பந்தை விட்ட மாதிரி. இங்கே அப்படி நாலு விட்டா ஒரு பேஸே பரிசு. சோட்டோ போன வருஷம் யாங்கீஸ்ல 129 வாக் எடுத்தான். அந்த வித்தையில இவனை அடிச்சுக்க இன்னிக்கு ரொம்பப் பேர் இல்ல.

அதைக்கூட ஒத்துக்கிறேன். அந்தச் சுவர்தான் என்னால மறக்க முடியலை.

பிராங்க்ஸ் வாசி | மே 20, காலை 10:02

காரணம் ரொம்ப சிம்பிள், ஏன் சுத்தி வளைக்கறீங்க? போன வருஷம் அவனுக்குப் பின்னாடி ஆரோன் ஜட்ஜ் நின்னார். சோட்டோவை நடக்க விட்டா அடுத்து 58 ஹோம் ரன் அடிச்சவர் வருவார். அதனால பிட்சருங்க வேற வழியில்லாம சோட்டோவுக்கு உள்ளே போட்டாங்க. இப்போ ஜட்ஜ் இல்ல. அவனே அதை வித்தியாசமா இருக்குன்னு சொல்லியாச்சு. நிழல் மரத்தோடது, குடை பிடிச்சவனோடது இல்ல.

எண்கணக்கு | மே 20, காலை 10:30

அந்தப் பழமொழி நீங்களே கட்டினதுன்னு தெரியுது. நல்லாத்தான் இருக்கு, ஆனா பொருந்தலை.

பின்னாடி நிக்கற பேட்டர் முன்னாடி இருக்கறவனைக் காப்பாத்தறான்ங்கறது பேஸ்பால்ல பாட்டி கதை மாதிரி. தலைமுறை தலைமுறையா சொல்றாங்க, எண்ணிப் பார்த்தா பெருசா ஒண்ணும் சிக்கறதில்ல. சரி, உண்மைன்னே வெச்சுக்கலாம். இப்போ அவனுக்குப் பின்னாடி நிக்கறது யாரு? பீட் அலான்சோ. ஏப்ரல்ல அலான்சோ எப்படி அடிச்சான்னு பார்த்தீங்க இல்ல? அப்படி ஒருத்தன் பின்னாடி இருந்தும் சோட்டோ தடுமாறினான்னா காரணம் வேற எங்கேயோ இருக்கு.

என் கண்ணுக்குத் தெரியறது தரையடி. வலது பக்கம் இழுத்து அடிக்கிறான், பந்து எழும்பாம நேரா ரெண்டாவது பேஸ்காரன்கிட்ட உருண்டு போகுது. எவ்வளவு பலமா அடிச்சாலும் தரையோட போற பந்து சுவரைத் தாண்டாது. ரெண்டு வாரத்துக்குள்ள நேராகிற கோளாறு, நாலு மாசம் இழுத்தாலும் இழுக்கும். குளிரையும் சேர்த்துக்குங்க. ஏப்ரல்ல நியூயார்க் காத்து கனமா இருக்கும். ஜூலையில தாண்டற பந்து அப்போ சுவர் ஓரமா கையுறைக்குள்ள விழும்.

இன்னொண்ணு. இது அவனுக்குப் புதுசும் இல்ல. 2023ல சான் டியேகோவுல ஏப்ரல் முழுக்க .200ஐ ஒட்டித்தான் இருந்தான். அங்கேயும் இதே பாட்டுதான் பாடினாங்க. சீசன் முடிஞ்சப்போ 162 ஆட்டமும் ஆடி, 35 ஹோம் ரன், 132 வாக்.

ஸ்கார்பரோ அண்ணை | மே 20, பகல் 12:15

தம்பிமார், உங்கட ஆளைப் பற்றி இவ்வளவு கவலைப்படுறியள். ஒருக்கா வடக்குப் பக்கமும் பாருங்கோ. எங்கட டொராண்டோ, போன வருசம் பால்டிமோருக்கு 44 ஹோம் ரன் அடிச்ச சாந்தாந்தேரை 92.5 மில்லியன் குடுத்துக் கூட்டி வந்தது. மனுசன் .200ஐயும் எட்டிப் பார்க்கேல்லை. உங்கட ஆள் குறைஞ்சது வாக்காவது எடுக்கிறார். இவர் பெஞ்சுக்கும் பிளேட்டுக்கும் நடக்கிறது மட்டும்தான்.

நான் வேலை முடிஞ்சு வந்து டீவியைப் போட்டால் மனிசி கேக்கிறா, 'இண்டைக்கும் அவரோ?' எண்டு. அவவுக்குப் பேஸ்பால் ஒண்டும் விளங்காது, ஆனால் சாந்தாந்தேரின்ர முகம் மனப்பாடம்.

புதுசு_எடிசன் | மே 20, பகல் 1:05

எனக்கு இதுல கோலி ஞாபகம்தான் வருது. 2014ல இங்கிலாந்துல பத்து இன்னிங்ஸ்ல 134 ரன். ஆண்டர்சன் அவரை வெச்சு விளையாடினார். 2018ல அதே இங்கிலாந்துல 593 ரன். பெரிய ஆட்டக்காரங்க திரும்பி வந்துடுவாங்க.

எண்கணக்கு | மே 20, பகல் 1:22

உதாரணம் நல்லது, ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு தம்பி. 2014 கோலிக்கு ஓட்டை எங்கேன்னு ஊருக்கே தெரியும். நாலாவது ஸ்டம்ப் லைன்ல வெளியே போற பந்து. அவர் நிக்கற இடத்தை மாத்தி, கிரீஸை விட்டு முன்னாடி வந்து அதை அடைச்சார். அது ரிப்பேர். சோட்டோவுக்கு அப்படி ஒரு ஓட்டை தெரியலை. எங்கே போட்டா அவுட் ஆவான்னு எந்த பிட்சருக்கும் இன்னும் பிடிபடலை, பிடிபட்டிருந்தா வாக் விழுந்திருக்கும். ரிப்பேரும் தேவையில்ல, மெக்கானிக்கும் தேவையில்ல. வெயில் வரணும், அவ்வளவுதான்.

பழைய ஷே | மே 20, மாலை 6:50

ஆபீஸ் நேரத்துல எல்லாரும் இங்கேதான் இருந்திருக்கீங்க போல. நான் இப்போதான் படிச்சு முடிச்சேன்.

மெட்ஸோட பழைய மைதானம் ஷே ஸ்டேடியம் காலத்து ஆள் நான். எனக்கு இது மூணாவது தடவை ஓடற படம். 2005ல கார்லோஸ் பெல்ட்ரான் வந்தார். அவரும் அவுட்ஃபீல்டர்தான், ஏழு வருஷம், 119 மில்லியன். அந்தக் காலத்துக்கு வாயைப் பிளக்க வைக்கிற காசு. முதல் வருஷம் .266, 16 ஹோம் ரன். 'பூ'ன்னு கூவினது ஆளுங்க மட்டுமில்ல, மேலே பறக்கற லா கார்டியா விமானம்கூடக் கூவற மாதிரி இருக்கும். அடுத்த வருஷம் முதல் வாரத்துலயும் கூவினாங்க. அப்புறம் ஒரு ஹோம் ரன் அடிச்சார். வெளியே வந்து தொப்பியைத் தூக்குன்னு அதே கூட்டம் கத்துது, அவர் ஆட்டக்காரங்க உட்கார்ற டக்அவுட்டை விட்டு வர மாட்டேங்கறார். நேத்து வரைக்கும் திட்டினீங்க, இன்னிக்கு எதுக்குத் தொப்பின்னு அவருக்கு வீம்பு. மூத்த ஆட்டக்காரர் ஹூலியோ ஃபிராங்கோ போ, போய்ட்டு வான்னு தள்ளி விட்டார். வந்து தலையைக் காட்டினார். அந்த வருஷம் 41 ஹோம் ரன்.

கதை அதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அதே 2006 அக்டோபர்ல லீக் ஃபைனலோட ஏழாவது ஆட்டம், மூணு பேஸ்லயும் ஆள், ரெண்டு அவுட். எதிரணி பிட்சர் வெயின்ரைட் போட்ட கர்வ் பந்தை, பேட்டைத் தோள்ல வெச்சுக்கிட்டே பார்த்தார். சீசன் குளோஸ். இன்னிக்கும் அந்தப் பந்தைப் பத்திப் பேசற அளவுக்கு 41 ஹோம் ரனைப் பத்தி இங்கே யாரும் பேசறதில்ல.

இன்னொரு உதாரணமும் இருக்கு. 2024 ஏப்ரல்ல நம்ம லிண்டோர் .100கூட இல்லாம திணறினார். அதுக்கு முந்தின ஆகஸ்ட்ல பிலடெல்ஃபியாக்காரங்க தடுமாறிக்கிட்டிருந்த அவங்க ஆள் டிரே டர்னருக்கு எழுந்து நின்னு கை தட்டினதைப் பார்த்து, நம்மாளுங்களும் லிண்டோருக்குக் கை தட்டினாங்க. நானும் அன்னிக்கு டீவி முன்னாடி எழுந்து நின்னேன், வெக்கமா இருந்துச்சு, ஆனாலும் நின்னேன். 33 ஹோம் ரன் அடிச்சு எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) ஓட்டுல ரெண்டாவதா வந்தார். கை தட்டினதாலயா வந்தார்? இல்லைன்னு எண்கணக்கு சொல்வார். அவருக்குத் தெரியாதது ஒண்ணு ரெண்டு உலகத்துல இருந்துட்டுப் போகட்டும்.

பிராங்க்ஸ் வாசி | மே 20, மாலை 7:15

பெல்ட்ரான், லிண்டோர் எல்லாம் சரி. பாபி பொனியாவை ஏன் விட்டுட்டீங்க பெரியவரே? அவரும் காசு குடுத்துக் கூட்டி வந்த ஆள்தானே. ஜூலை ஒண்ணாம் தேதி வருது, ஆடி முடிச்ச அப்புறமும் மெட்ஸ் வருஷா வருஷம் அவருக்குக் குடுக்கற 1.19 மில்லியன் செக் ரெடியா? 2035 வரைக்கும் உண்டு இல்ல?

பழைய ஷே | மே 20, மாலை 7:18

வாயைக் கழுவுங்க.

ஏழாம் நம்பர் ரயில் | மே 29, இரவு 11:40

இழை தூங்கிடுச்சு, எழுப்பறேன். இந்த ஒன்பது நாள்ல ஆவரேஜ் இன்னும் கீழதான் போயிருக்கு.

நடுவுல ஒரு நாள் மைதானத்துக்குப் போய்ட்டு வந்தேன். எப்பவும் போல ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ட்டு, கீழே கேண்டீன்ல ஒரு தோசை, அப்புறம் ஏழாம் நம்பர்ல ஒரே ஸ்டாப். வலது பக்கம், சோட்டோ நிக்கற இடத்துக்கு நேர் மேலே சீட். ஒன்பது இன்னிங்ஸும் பந்தை விட்டுட்டு அவனையே பார்க்கறதுன்னு முடிவு பண்ணேன்.

பேட் பண்ண வந்தான். முதல் பந்து வெளியே. விட்டான். விட்ட உடனே அந்த ஷஃபிள், முட்டியை மடக்கி உட்கார்ற மாதிரி இறங்கி, காலால மண்ணை ஒரு இழு இழுத்து, பிட்சரை நேருக்கு நேர் ஒரு முறைப்பு. வாஷிங்டன்ல பத்தொன்பது வயசுல வந்தப்போ பண்ணின அதே சேட்டை. ஆனா பழைய சிரிப்பு இல்ல. கணக்கு எழுதற குமாஸ்தா மாதிரி பண்ணிட்டு நிமிர்ந்தான். ரெண்டாவது பந்து உள்ளே, ஃபவுல், பின்னாடி வலைக்கு நேரா. பக்கத்து சீட்காரர், வயசானவர், முழங்கால்ல ஸ்கோர்கார்டு வெச்சு பென்சில்ல எழுதிக்கிட்டிருந்தவர், 'நேரா பின்னாடி போச்சுன்னா டைமிங் சரியா இருக்கு, அரை அங்குலம்தான் விலகல்'னார். ஆறு பந்துக்கு அப்புறம் வாக். பேட்டை மெதுவா கீழே வெச்சுட்டு, முழங்கைக் கவசத்தைக் கழட்டிக் குடுத்துட்டுப் போனான்.

அதுக்கு அப்புறம்தான் நான் சொல்ல வந்தது. அந்த இன்னிங்ஸ் முடிஞ்சு வலது பக்கம் ஓடி வந்தான். எனக்குப் பின்னாடி வரிசையில ஒருத்தன் கேவலமா ஏதோ கத்தினான், ஆட்டத்துக்கு மூணு லட்சம்ங்கற கணக்குத்தான், நான் இங்கே எழுதினது மாதிரியே. என் குரலை வேற ஒருத்தன் வாயில கேட்ட மாதிரி இருந்துச்சு. சோட்டோ திரும்பலை. ஆனா காது சிவந்துச்சு, கூலிங் கிளாஸை நெத்தியிலேர்ந்து இறக்கிப் போட்டுக்கிட்டான். ராத்திரி ஆட்டம், எதுக்குக் கூலிங் கிளாஸ்?

சுவர் விஷயத்துல என் கருத்து மாறலை. கத்தறதை மட்டும் விட்டாச்சு.

எண்கணக்கு | மே 30, காலை 8:10

முப்பது அடி மேலே உட்கார்ந்துக்கிட்டு காது சிவந்தது தெரிஞ்சுச்சா? பந்தோட வேகத்தை அளக்கற ஸ்டாட்காஸ்ட்லகூட அந்த வசதி இல்லையே.

சரி, பந்தயம் கட்டலாமா? சீசன் முடியறதுக்குள்ள 30 ஹோம் ரன் தாண்டுவான். தாண்டலைன்னா கேண்டீன்ல தோசை என் செலவு.

ஏழாம் நம்பர் ரயில் | மே 30, காலை 8:16

கட்டியாச்சு. தாண்டினா என் செலவு. பெரியவர் சாட்சி.

நெறியாளர் | மே 30, காலை 9:00

சோட்டோவோட சொந்த ஊர், குடும்பம் பத்தி வந்த ரெண்டு பதிவை நீக்கியாச்சு. ஆட்டத்தைப் பத்தி எவ்வளவு வேணாலும் திட்டுங்க. ஆளைப் பத்தி வேண்டாம்.

ஸ்கார்பரோ அண்ணை | ஜூன் 2, இரவு 9:30

எங்கட சாந்தாந்தேரைக் காயக்காரர் லிஸ்ட்டில போட்டாச்சு. தோள்மூட்டாம். பாவம், நோவோடதான் இவ்வளவு நாளும் ஆடினவர் போல. நான்தான் கண்டபடி ஏசிப்போட்டன். மனிசி இப்ப கேக்கிறா, 'எங்க அவரைக் காணேல்லை?' எண்டு.

எண்கணக்கு | ஜூலை 1, காலை 7:00

வணக்கம். ஜூன் மாசக் கணக்கு மட்டும் சொல்லிட்டுப் போறேன். ஹோம் ரன் 11.

வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல. பொனியா தின வாழ்த்துகள்.

ஏழாம் நம்பர் ரயில் | ஜூலை 1, காலை 7:25

பார்த்தேன். இடது பக்கம், நடு, வலது, எல்லாப் பக்கமும் போகுது. தரையடி எங்கே போச்சுன்னே தெரியலை. அவனுக்குத்தான் லீக்ல ஜூன் மாசத்து ஆட்டக்காரர் விருது குடுப்பாங்க, வேற ஆளுக்கு வாய்ப்பே இல்ல.

ஆனா டீமைப் பாருங்க. ஜூன் 12ல 45 வெற்றி, 24 தோல்வி. மொத்த லீக்லயே முதலிடம். அன்னிக்கு முதல் பேஸுக்கு ஓடி வந்த நம்ம பிட்சர் செங்கா தொடையைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தார், அதோட மொத்த டீமும் சேர்ந்து விழுந்தாச்சு. அவன் அடிக்காதப்போ டீம் ஜெயிச்சது. அவன் அடிக்கறப்போ டீம் தோக்குது. இதை எந்தக் கணக்குல எழுதறது?

புதுசு_எடிசன் | ஜூலை 8, பகல் 12:40

லீக்ல சிறந்தவங்களைச் சேர்க்கற ஆல் ஸ்டார் டீம்ல சோட்டோ பேரு இல்லையே! லிண்டோர், அலான்சோ, டியாஸ் இருக்காங்க. இது எப்படி?

பழைய ஷே | ஜூலை 8, பகல் 1:10

ஏப்ரல், மே மாசத்துக் கடன் தம்பி. இப்போ வட்டியோட கட்டறான்.

எண்கணக்கு | செப்டம்பர் 29, 2025, காலை 6:30

நேத்தோட முடிஞ்சுது. சோட்டோ: .263, 43 ஹோம் ரன், 105 ஆர்பிஐ (அவன் அடிச்சு வர வெச்ச ரன்), 127 வாக், ஓபிஎஸ் (பேஸ் சேர்ற விகிதமும் அடியோட பலமும் சேர்ந்த எண்) .921. 43ங்கறது அவன் வாழ்நாள்லயே அதிகம். பேஸ் திருடினது, அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிச்சது, 38. ஆமா, முப்பத்தெட்டு. இதுக்கு முன்னாடி எந்த வருஷமும் 12ஐத் தாண்டாதவன். லீக்ல அதுலயும் முதலிடத்தைப் பங்கு போட்டிருக்கான். ஓட மாட்டேங்கறான்னு ஆரம்பிச்ச இழைங்கறதை ஞாபகப்படுத்தறேன்.

நான் தப்புன்னு ஒத்துக்க வேண்டிய இடமும் ஒண்ணு இருக்கு. வெயில் வந்தா போதும்னேன். வெயில் பேட்டைச் சரி பண்ணும், காலை ஓட வைக்காது. முதல் பேஸ் கோச் ஆன்டுவான் ரிச்சர்ட்சன் அவன்கூட உட்கார்ந்து பிட்சர் கால் எப்போ தூக்கறான், தோளை எப்போ திருப்பறான்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்திருக்கார். மெக்கானிக் தேவையில்லைன்னு நான் புதுசு தம்பிகிட்ட சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

பிராங்க்ஸ் வாசி | செப்டம்பர் 29, காலை 6:52

43, 38, எல்லாம் பிரமாதம். அக்டோபர் பிளேஆஃப்ல எங்கே ஆடறார்?

ஏழாம் நம்பர் ரயில் | செப்டம்பர் 29, காலை 7:05

வலிக்குது, விடுங்க. மயாமில நேத்து ஜெயிச்சிருந்தா உள்ளே. சின்சினாட்டி வேற தோத்துக் குடுத்துச்சு. நாம 4-0ன்னு தோத்தோம். ஒரு ரன்கூட எடுக்கலை. மொத்தம் 83 வெற்றி, 79 தோல்வி. சின்சினாட்டிக்கும் அதே 83, ஆனா நேருக்கு நேர் ஆடினதுல அவங்க கை மேல. ஜூன் 12லேர்ந்து 38 வெற்றி, 55 தோல்வி.

இதுல சோட்டோவைக் குறை சொல்ல முடியாது. அலான்சோவையும் முடியாது. பிட்சிங் போச்சு, அவ்வளவுதான். ஆனாலும் ஏப்ரல், மேல அந்தப் பத்து ஹிட் கூட வந்திருந்தா? ஒரே ஒரு ஆட்டம் கூட ஜெயிச்சிருந்தா? உங்க கணக்குல பத்து ஹிட் ஒண்ணுமே இல்லைன்னீங்க. எனக்கு நேத்து ராத்திரி ஒரு ஹிட் ஒரு சீசனாத் தெரிஞ்சுது.

எண்கணக்கு | செப்டம்பர் 29, காலை 7:20

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒண்ணுமே இல்லைன்னு சொன்னதா ஞாபகமும் இல்ல, ஆனா அப்படித்தான் கேட்டிருக்கும்.

ஸ்கார்பரோ அண்ணை | செப்டம்பர் 29, காலை 8:00

பிராங்க்ஸ் தம்பி, அக்டோபர் எண்டு சத்தம் போடாதையுங்கோ. உங்களுக்கும் 94 வெற்றி, எங்களுக்கும் 94, ஆனால் டிவிஷன் எங்களுக்கு. நேருக்கு நேர் ஆட்டத்தில நாங்கள்தான் கூட வெண்டனாங்கள்.

ஆட்டக்காரற்ற கதை எண்டால், எங்கட வீட்டிலயே ரெண்டும் நடந்தது. ஜார்ஜ் ஸ்பிரிங்கர் போன வருசம் .220. கிழவன், முடிஞ்சுது எண்டு இஞ்ச எல்லாரும் எழுதினவை, நானும்தான். இந்த வருசம் .309, 32 ஹோம் ரன். சாந்தாந்தேர் .175. அவற்ற பழைய ஆட்டம் திரும்பி வரேல்லை. ரெண்டு பேரையும் மே மாசம் ஒரே மாதிரித்தான் பாத்துக்கொண்டிருந்தன். ஆர் வருவினம், ஆர் வராயினம் எண்டு எனக்குத் தெரியேல்லை. எண்கணக்குத் தம்பிக்குத் தெரிஞ்சிருக்குமோ?

எண்கணக்கு | செப்டம்பர் 29, காலை 8:25

ஸ்பிரிங்கரையா? 35 வயசுல? சத்தியமா இல்ல அண்ணை.

பழைய ஷே | செப்டம்பர் 29, காலை 9:10

சாட்சி நான் இன்னும் உயிரோட இருக்கேன். 43 > 30. ரயிலாரே, தோசை.

ஏழாம் நம்பர் ரயில் | செப்டம்பர் 29, காலை 9:14

சனிக்கிழமை பதினொரு மணி, கேண்டீன்ல. எல்லாருக்கும் நானே வாங்கறேன், பிராங்க்ஸ்காரர் உட்பட. அவர் மட்டும் முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்து சாப்பிடணும்.